போர்க்களத்து லோரி வயலுக்கு வந்த கதை



சரித்திரப் பாடம் என்றாலே நம் பிள்ளைகளுக்கு ராஜா, ராணி, சண்டை, சமாதானம் இவைதான் நினைவுக்கு வரும். சண்டை எந்த ஆண்டு தொடங்கியது, எந்த ஆண்டு முடிந்தது என்று மனப்பாடம் செய்து எழுதி மார்க்கும் வாங்கிவிடுவார்கள். ஆனால் சண்டை முடிந்த மறுநாள் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். "அதான் முடிஞ்சு போச்சே, அப்புறம் என்ன?" என்பார்கள்.

அப்புறம்தான் ஐயா கதையே இருக்கிறது. 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜப்பான் சரணடைந்தது. சிப்பாய்கள் வீடு திரும்பினார்கள். ஆனால் அந்தச் சண்டைக்கென்றே தொழிற்சாலைகளில் இராப்பகலாகச் செய்து குவித்த லோரிகளும் ஜீப்புகளும் டாங்கிகளும் எங்கே போகும்? அவற்றுக்கு வீடு ஏது, வாசல் ஏது?

ஒரு கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். அமெரிக்காவில் செய்த ஜீப்புகள் மட்டும் 6 லட்சத்துக்கு மேல். ஜி.எம்.சி. கம்பெனி செய்த இரண்டரை டன் இராணுவ லோரி 5 லட்சத்துக்கு மேல். ஆறு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் அந்த லோரியைச் சிப்பாய்கள் "ஜிம்மி" என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். ஷெர்மன் என்ற டாங்கி ஏறக்குறைய 49,000. இவை ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் பர்மாவிலும் பிலிப்பைன்ஸ் தீவுகளிலும் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றையும் ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோனால் கப்பல் கூலிக்குக் கட்டாது. கடலில் தள்ளியது கொஞ்சம், பழைய இரும்புக்குப் போட்டது கொஞ்சம், ஏலத்தில் விற்றது மிச்சம்.

அந்த நேரத்தில் உலகத்துக்கு என்ன தேவை? சோறு! ஊரெங்கும் பஞ்சம், பங்கீட்டுக் கார்டு. உழ மாடில்லை, ஆளில்லை, டிராக்டர் வாங்கலாம் என்றால் டிராக்டர் கிடைக்கவில்லை. ஒரு பக்கம் வேலையில்லாத போர் வண்டி. மறு பக்கம் வண்டியில்லாத வயல். இரண்டையும் சேர்த்து வைத்தால் என்ன என்று பல நாட்டுக்காரர்களுக்கு ஒரே சமயத்தில் தோன்றியது. சிலர் ஜெயித்தார்கள். சிலர் கோடிக்கணக்கில் பணத்தைக் கொட்டித் தோற்றார்கள். யார் ஏன் ஜெயித்தார்கள், யார் ஏன் தோற்றார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. மிஷினோடும் மண்ணோடும் வாழ்கிற நம்மைப் போன்றவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

டாங்கியின் தாய்வீடு

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்லிவிடுகிறேன். டாங்கி என்பது பிறக்கும்போதே போருக்கென்று பிறந்தது அல்ல. அதன் தாய்வீடே வயல்தான்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்டாக்டன் என்ற ஊர். அந்த வட்டாரத்து மண் பஞ்சு மாதிரி பொதபொதவென்று இருக்கும். நீராவி டிராக்டரின் கனமான சக்கரம் அதில் புதைந்து போகும். பெஞ்சமின் ஹோல்ட் என்ற தொழிலதிபர் 1904-ஆம் ஆண்டில் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பலகைகளைச் சங்கிலியாகக் கோத்து மாட்டிப் பார்த்தார். வண்டி புதையவில்லை. சேற்றில் பலகை போட்டு நடந்தால் கால் புதையாது என்பது நமக்குத் தெரிந்த சங்கதிதானே? அதே தத்துவம்தான். கம்பளிப்புழு போல் ஊர்ந்ததால் அதற்குக் "கேட்டர்பில்லர்" என்று பெயர் வந்தது.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இராணுவம் இந்த ஹோல்ட் டிராக்டரைப் பெரிய பீரங்கிகளை இழுக்க வைத்தது. அதைப் பார்த்தவர்களுக்கு வேறொரு எண்ணம் பிறந்தது. இங்கிலாந்தில் லிங்கன் நகரில் வயல் இயந்திரம் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனியிலேயே 1915-இல் முதல் டாங்கியைச் செய்து பார்த்தார்கள். 1916 செப்டம்பர் 15-ஆம் தேதி பிரான்சில் சோம் போர்க்களத்தில் டாங்கி முதன்முதலாக இறங்கியது.

ஆக, உழப் பிறந்த பிள்ளையைச் சண்டைக்குக் கூட்டிப் போனான் மனிதன். சண்டை முடிந்தபின் வீட்டுக்குத் திரும்ப அழைக்க நினைத்தான். ஆனால் போன பிள்ளை போன மாதிரியே திரும்பி வருமா?

உழவுக்கு வேண்டியது வேகமல்ல

மாணவ மணிகளே, இங்கே கொஞ்சம் கணக்குப் பாடம் வரும். பயப்பட வேண்டாம், நாலாம் வாய்ப்பாடு தெரிந்தால் போதும்.

மேலே சொன்ன இராணுவ லோரி ரோட்டில் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஏர் உழுவதற்கு வேண்டிய வேகம் எவ்வளவு? மணிக்கு 4 முதல் 6 கிலோமீட்டர். ஒரு மனிதன் கை வீசி நடக்கிற வேகம், அவ்வளவுதான். ஆனால் அந்த வேகத்தில் இழுக்கிற பலம் பல மடங்கு வேண்டும். மண்ணைக் கிழித்துப் புரட்டுவது என்றால் சும்மாவா?

கியர் எதற்கு என்றால் இதற்குத்தான். சுற்றைக் குறைத்தால் பலம் கூடும். ஒரு கியர்பாக்ஸ் எஞ்சினின் சுற்றை நாலில் ஒரு பங்காகக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுக்கும் பலம் ஏறக்குறைய நாலு மடங்காகும். அதற்குப் பின்னால் இன்னொரு பழைய கியர்பாக்ஸை வரிசையாக மாட்டினால்? நாநாலு பதினாறு! சுற்று பதினாறில் ஒரு பங்கு, பலம் ஏறக்குறைய பதினாறு மடங்கு. உராய்வில் கொஞ்சம் வீணாகும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தது பெரிய கம்பெனிக்காரர்கள் அல்ல. டிராக்டர் வாங்கக் கையில் காசில்லாத சிறு விவசாயிகள்தான். அமெரிக்காவில் 1930-களின் பஞ்ச காலத்திலும், பிறகு போர்க் காலத்திலும், பழைய காரையோ லோரியையோ எடுத்து, சட்டத்தைக் குட்டையாக வெட்டி, இரண்டு கியர்பாக்ஸை வரிசையாகப் பூட்டி, பின்னால் லோரி அச்சை மாட்டி, ஏர் இழுக்க வைத்தார்கள். "டூடுல்பக்" என்று அதற்குப் பெயர். ஸ்வீடன் நாட்டு விவசாயிகளும் இதையே செய்தார்கள். அங்கே மலிவு விலைக் கடை ஒன்றின் பெயர் எப்பா. அந்தப் பெயரையே வைத்து "எப்பா டிராக்டர்" என்று கிண்டலாகக் கூப்பிட்டார்கள். கிண்டல் செய்தவர்கள் செய்யட்டும், நிலம் உழுது முடிந்ததா இல்லையா?

சுமக்கிறவன் வேறு, இழுக்கிறவன் வேறு

போர் முடிந்தபின் இராணுவ லோரியை வாங்கிய விவசாயிகளில் புத்திசாலிகள் ஒரு கேள்வி கேட்டார்கள்: "இந்த வண்டி எதுக்குப் பிறந்தது?"

லோரி பிறந்தது சுமக்க. அதை ஏரில் பூட்டி நாள் முழுக்க இழு என்றால் எஞ்சின் கொதிக்கும், கிளட்ச் தேயும், பெட்ரோல் தண்ணீராய் ஓடும். ஆனால் சேற்றிலும் பள்ளத்திலும் பாரம் சுமக்கச் சொன்னால் அதற்கு ஈடு இல்லை. சாதாரண லோரிக்குப் பின் சக்கரம் மட்டும்தான் உந்தும். இதற்கு முன் சக்கரமும் உந்தும்.

அமெரிக்காவில் பல இடங்களில் வயல் மண் புளித்துப் போகும். அதை மாற்றச் சுண்ணாம்புக் கல் தூளை ஏக்கருக்கு டன் கணக்கில் தூவ வேண்டும். அதை ரோட்டோரத்தில் கொட்டிவிட்டு மண்வெட்டியால் வாரி வீசியது ஒரு காலம். உழுத வயலுக்குள் சாதாரண லோரி இறங்கினால் மாட்டிக்கொள்ளும். போரிலிருந்து வந்த ஆறு சக்கர லோரியின் முதுகில் தொட்டி வைத்து, தொட்டியின் அடியில் சங்கிலி ஓடவிட்டு, பின்னால் சுற்றும் தட்டு ஒன்றை மாட்டினார்கள். லோரி வயலுக்குள் ஓட ஓடத் தட்டு சுற்றிச் சுண்ணாம்பை விசிறி அடித்தது. குண்டு சுமந்த வண்டி மண்ணுக்கு மருந்து சுமந்தது.

ஜீப்புக்கும் இப்படி ஒரு கதை உண்டு. வில்லிஸ் கம்பெனி 1945-லேயே பொதுமக்களுக்கென்று ஒரு ஜீப்பை வெளியிட்டது. ஏர் இழுக்கும், மரம் அறுக்கும், தண்ணீர் பம்பு ஓட்டும் என்று விவசாயிகளிடம் விளம்பரம் செய்தது. இங்கிலாந்தில் ரோவர் கார் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் மோரிஸ் வில்க்ஸ். வேல்ஸ் பக்கத்து ஆங்கிள்சி தீவில் இருந்த தம் நிலத்தில் பழைய இராணுவ ஜீப் ஒன்றை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். இது பழுதானால் வேறு எதை வாங்குவது என்ற கேள்வி எழுந்தது. நாமே செய்தால் என்ன என்று இறங்கிவிட்டார். 1947-இல் ஜீப்பின் சட்டத்தின் மேலேயே முதல் மாதிரியைச் செய்தார்கள். டிராக்டரில் இருப்பது போல ஸ்டீரிங் நட்டநடுவில் இருந்தது! அந்தக் காலத்தில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். 1948 ஏப்ரல் 30-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது மக்கள் முன் வந்தது. அதுதான் லேண்ட் ரோவர்! ஸ்டீரிங் மட்டும் அதற்குள் ஓரத்துக்குப் போய்விட்டது.

நம் நாட்டில் 1948 முதல் 1960 வரை நடந்த அவசர காலத்தைக் கண்ட பெரியவர்களுக்கு லேண்ட் ரோவரைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அது ஒரு விவசாயியின் தேவையில் பிறந்த வண்டி என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜெர்மனியிலோ கதை தலைகீழ். போரில் தோற்ற நாடு, பசியில் வாடும் மக்கள். ஆல்பர்ட் பிரீட்ரிக் என்ற பொறியாளர் வயலுக்கென்றே ஒரு புது வண்டி வரைந்தார். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே அகலம் 1,270 மில்லிமீட்டர். ஏன் அந்தக் கணக்கு? உருளைக்கிழங்குப் பாத்தியில் இரண்டு வரிசை சரியாக அடங்க வேண்டும், செடி மிதிபடக் கூடாது. அப்படி அளந்து செய்ததுதான் யூனிமோக். 1948-இல் விற்பனைக்கு வந்தது. பிற்பாடு அதையும் இராணுவம் வாங்கிக்கொண்டது என்பது வேறு கதை. வயலும் போர்க்களமும் இப்படி மாறி மாறிப் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கின்றன!

கச்சான் போட்டுக் கோடியை இழந்த கதை

இனி, தோற்றவர்கள் கதைக்கு வருவோம். இதில்தான் நமக்குப் பாடம் அதிகம்.

போருக்குப் பின் பிரிட்டனில் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் பெரிய தட்டுப்பாடு. நிலக்கடலை, அதாவது நம் பேச்சில் கச்சான், ஆப்பிரிக்காவில் பயிர் செய்து எண்ணெய் எடுக்கலாம் என்று 1946-இல் ஒரு யோசனை பிறந்தது. மூன்று பேர் கொண்ட குழு போய்ச் சில வாரங்கள் சுற்றிப் பார்த்து வந்தது. திட்டம் தயாரானது. சின்னத் திட்டமா? மொத்தம் 32 லட்சத்து 10 ஆயிரம் ஏக்கர். அதை 107 தோட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் 30,000 ஏக்கர். பெரும்பகுதி டாங்கனிக்காவில், இன்றைய டான்சானியா. செலவு சுமார் 2 கோடி 50 லட்சம் பவுன். உணவு அமைச்சர் ஜான் ஸ்ட்ரேச்சி பாராளுமன்றத்தில் இதை முன்னின்று நடத்தினார்.

1947 தொடக்கத்தில் கொங்குவா என்ற இடத்தில் வேலை ஆரம்பமானது. ஏன் கொங்குவா? அங்கே ஆள் நடமாட்டம் குறைவு, யாரையும் காலி செய்யத் தேவையில்லை, லட்சக்கணக்கான ஏக்கர் சும்மா கிடக்கிறது என்றார்கள். சரி, இவ்வளவு நிலம் ஏன் சும்மா கிடக்கிறது என்று அந்த வட்டாரத்துக் கோகோ மக்களிடம் உட்கார்ந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அங்கே தண்ணீர் இல்லை, மழையை நம்ப முடியாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

காட்டை அழிக்க வேண்டும். புது டிராக்டர் கிடைக்காது. எனவே பிலிப்பைன்ஸ் தீவுகளில் அமெரிக்க இராணுவம் விட்டுப்போன பழைய டிராக்டர்களையும் புல்டோசர்களையும் வாங்கிக் கப்பலேற்றினார்கள். மழையிலும் வெயிலிலும் கிடந்து துருப்பிடித்தவை அவை. 1947 முடிவதற்குள்ளேயே வந்த மிஷின்களில் பெரும்பாலானவை படுத்துவிட்டன. ஸ்பேர் பார்ட்ஸ் இல்லை, முறையான வொர்க்‌ஷாப் இல்லை. துறைமுகத்திலிருந்து நூற்றுக்கணக்கான மைல் உள்ளே, ஒற்றை ரயில் பாதை. வெள்ளம் வந்தபோது அந்தப் பாதையும் போனது.

அடுத்துத்தான் டாங்கிக்கு அழைப்பு வந்தது. விக்கர்ஸ் என்ற பெரிய ஆயுதக் கம்பெனி ஷெர்மன் டாங்கியை எடுத்தது. பீரங்கிக் கோபுரத்தைக் கழற்றியது, இரும்புக் கவசத்தைக் கழற்றியது, அதன் உறுப்புகளைக் கொண்டு ஒரு டிராக்டர் செய்தது. ஷெர்மன் பாதி, விக்கர்ஸ் பாதி, பெயர் "ஷெர்விக்". பத்திரிகைக்காரர்களுக்கு நல்ல செய்தி. வாளை உருக்கி ஏர்க்கொழு செய்தாயிற்று என்று மெச்சினார்கள்.

மண் மெச்சவில்லையே! டாங்கி என்பது பாய்ந்து ஓடி, சுட்டு, நின்று, மறுபடி பாய்வதற்குச் செய்தது. நாளுக்குப் பத்து மணி நேரம், மாதக்கணக்கில், ஆமை வேகத்தில் வேரோடு மரத்தை இழுப்பதற்குச் செய்ததல்ல. அதற்கு முன்னால் நின்றதோ சாதாரணக் காடல்ல. புதரின் வேர் கம்பி மாதிரி பின்னிக் கிடந்தது. பவோபாப் என்னும் பெருக்க மரங்கள் யானை யானையாக நின்றன. பெரிய கப்பலின் நங்கூரச் சங்கிலியைக் கொண்டுவந்து, இரண்டு டிராக்டர்களுக்கு நடுவே கட்டி இழுத்துப் புதரைச் சாய்த்தார்கள். அது ஓரளவு பலித்தது. ஆனால் மேலே சாய்ந்ததே தவிர, மண்ணுக்கடியில் இருந்த வேர் அப்படியே இருந்தது. அந்த மண்ணோ உப்புத்தாள் மாதிரி கலப்பை முனையைத் தின்றது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. கச்சான் மண்ணுக்கு அடியில் காய்ப்பது. பூத்தபின் அதன் காம்பு மண்ணைத் துளைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். கொங்குவா மண்ணில் களி அதிகம். மழை நின்றால் வெயிலில் காய்ந்து செங்கல்லாகிவிடும். உள்ளே காய்த்ததைப் பிடுங்கவே முடியாது. இதை எந்தப் புல்டோசர் மாற்றும்?

முதல் வருடம் 1 லட்சத்து 50 ஆயிரம் ஏக்கர் நடுவதாகத் திட்டம். நட்டது 7,500 ஏக்கர் அளவுக்குத்தான். 1951 ஜனவரியில் திட்டத்தைக் கைவிட்டார்கள். நட்டக் கணக்கில் எழுதியது சுமார் 3 கோடி 60 லட்சம் பவுன். அந்தக் கடலையை நம்பிய பிரிட்டிஷ் குடும்பங்களுக்கு எண்ணெய் வரவில்லை. டாங்கனிக்கா மக்களுக்கு மிஞ்சியது துருப்பிடித்த இரும்பும், புல் பூண்டு போன மண்ணும்.

பழி யார் தலையில்?

தொழிலாளத் தோழர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அத்தனை மிஷின் ஏன் உடைந்தது என்று கேட்டபோது, "ஓட்டத் தெரியாத கறுப்பன் உடைச்சிட்டான்" என்று சொல்வது அந்தக் காலத்து அதிகாரத்துக்குச் சுலபம். உண்மை என்ன? அதுவரை லோரியில்கூட ஏறியிராத கிராமத்து இளைஞனைக் கூப்பிட்டு, அவசரப் பயிற்சி கொடுத்து, ஏற்கெனவே செத்துப்போன மிஷினை அவன் கையில் கொடுத்தார்கள். எண்ணெய் மாற்ற நேரம் இல்லை, பழுது பார்க்க ஆளில்லை, ஏக்கர் கணக்கு மட்டும் வேண்டும். இதே 1947-இல் தாருஸ்ஸலாம் துறைமுகத் தொழிலாளர்கள் விலைவாசி தாங்காமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது உள்நாட்டுக்கும் பரவியது. ரேஷன் கார்டு காலத்தில் கூலிக்காரன் வயிறு எப்படி இருக்கும் என்பதைத் திட்டம் போட்டவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

மிஷின் உடைந்தால் முதலில் திட்டு வாங்குவது அதை ஓட்டுகிறவன்தான். இது கொங்குவாவுக்கு மட்டுமா பொருந்தும்? எந்தத் தோட்டத்துக்கும் பொருந்தும். பழைய வண்டியை வாங்கியது யார், ஸ்பேர் பார்ட்ஸ் வாங்காமல் விட்டது யார், பாரத்தைக் கூட்டியது யார் என்று கேட்க, விவரம் தெரிந்த நாக்கு வேண்டும். அந்த விவரத்தைத்தான் பள்ளிக்கூடம் கொடுக்கிறது.

நம்ம காட்டு ராஜா

நம் நாட்டுக்கு வருவோம். மலாயாவுக்கும் இராணுவ லோரிகள் ஏராளமாக வந்தன. நம் பாட்டன் காலத்தவர்களுக்கு இராணுவ லோரி என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர்கள் ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். போனவர்களில் பலர் திரும்பி வரவேயில்லை. அந்த நினைவு உள்ள ஒரு தலைமுறை, போருக்குப் பின் அதே மாதிரி லோரிகள் வேறு வேலைக்கு வந்ததைப் பார்த்தது.

மரம் வெட்டும் காட்டுக்குள் போன லோரிதான் அவற்றில் பேர்போனது. சீனர்கள் அதற்கு "சான் தாய் வோங்" என்று பெயர் வைத்தார்கள். மலைக்கு ராஜா என்று பொருள். மலாய்க்காரர்கள் "லோரி ஹந்து" என்றார்கள். பேய் லோரி! பெயருக்கு ஏற்ற உருவம். மூஞ்சி நசுங்கி, கதவு இல்லாமல், கூரை இல்லாமல், பெயிண்டு உதிர்ந்து நிற்கும். ஆனால் எல்லாச் சக்கரமும் உந்தும். வின்ச் மாட்டியிருக்கும். செங்குத்தான சேற்றுப் பாதையில், வேறு லோரி நுழைய முடியாத இடத்தில், பெரிய மரத்தைக் கம்பியால் இழுத்து முதுகில் ஏற்றிக்கொண்டு, உறுமிக்கொண்டே ரோட்டோரம் கொண்டுவந்து போடும். போர் முடிந்து பல பத்து ஆண்டுகள் ஆனபின்னும் அந்த வண்டிகள் நம் காடுகளில் ஓடின.

ஷெர்விக் தோற்றது, பேய் லோரி ஜெயித்தது. ஏன்? இதற்கு அமைச்சர் கையெழுத்துப் போடவில்லை. பாராளுமன்றத்தில் யாரும் கைதட்டவில்லை. சிறு பட்டணத்து வொர்க்‌ஷாப்பில், கையெல்லாம் கிரீஸ் பூசிய மெக்கானிக் ஒருவர், காட்டுக்குள் போய்வந்த டிரைவர் சொன்னதைக் கேட்டு, ஒவ்வொன்றாக மாற்றினார். "ஏத்தத்துல இழுக்கலைங்க" என்றால் கியரைக் குறைத்தார். "சட்டம் விரிசல் விடுது" என்றால் இரும்பு வைத்து ஒட்டினார். உடைந்தால் அங்கேயே பழுது பார்த்தார்கள். முக்கியமாக, சுமக்கப் பிறந்த வண்டிக்குச் சுமக்கிற வேலையையே கொடுத்தார்கள்.

சும்மா புகழ்ந்துவிட்டுப் போகவும் கூடாது. அது ஆபத்தான பிழைப்பு. பிரேக் பிடிக்காத சரிவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டிய வேலை. அந்த லோரி நுழைந்த இடமெல்லாம் காடு குறைந்தது, ஆறு கலங்கியது என்பதும் உண்மை. மிஷினுக்கு நல்லது கெட்டது தெரியாது. எதை இழுக்கச் சொன்னாலும் இழுக்கும். எதை இழுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்வது மனிதன் மூளை.

பிள்ளைகளுக்கு ஒரு சொல்

மாணவ மணிகளே, இத்தனை நீளக் கதை எதற்கு என்று கேட்பீர்கள். மூன்றே மூன்று விஷயம் மனத்தில் நின்றால் போதும்.

ஒன்று, எந்தப் பொருளையும் கையில் எடுத்தால் அது எதற்குப் பிறந்தது என்று கேளுங்கள். லோரியின் இயல்பு தெரிந்தவன் அதைச் சுண்ணாம்பு சுமக்கவும் மரம் சுமக்கவும் வைத்தான். டாங்கியின் இயல்பை மறந்தவன் அதைக் காட்டில் புதைத்தான்.

இரண்டு, மண்ணில் வேலை செய்கிறவனைக் கேட்காமல் மண்ணைப் பற்றி முடிவு செய்யாதீர்கள். நாளைக்கு உங்களில் ஒருவர் எஞ்சினியராகலாம், தோட்ட மானேஜராகலாம், அரசாங்க அதிகாரியாகலாம். ஆக வேண்டும்! அப்படி ஆனபின், மேசைமேல் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கோடு போடுகிற நேரத்தில், வெளியே நிற்கிற கிழவரைக் கூப்பிட்டு, "தாத்தா, இங்க தண்ணி எப்படி? மழ எப்படி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கொங்குவாவில் கேட்காமல் விட்டது அந்த ஒரு வார்த்தையைத்தான். அதன் விலை 3 கோடி 60 லட்சம் பவுன்.

மூன்று, கணக்கும் விஞ்ஞானமும் பரீட்சைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நாநாலு பதினாறு என்பது வாய்ப்பாட்டுப் புத்தகத்தில் இருக்கும்வரை வெறும் எண். ஒரு ஏழை விவசாயி இரண்டு பழைய கியர்பாக்ஸை வரிசையாக மாட்டியபோது அது உழுத வயலாயிற்று, அறுத்த கதிராயிற்று, பிள்ளைகளின் சோறாயிற்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உதவும்படி செய்வது உங்கள் கையில்தான் இருக்கிறது.

பெற்றோர்களே! உங்களில் எத்தனையோ பேர் டிராக்டர் ஓட்டுகிறீர்கள், லோரி ஓட்டுகிறீர்கள், கிரீஸ் பூசிய கையோடு வீட்டுக்கு வருகிறீர்கள். "நான் படிக்காதவன், எனக்கென்ன தெரியும்?" என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். ஏற்றத்தில் எந்தக் கியர் போட வேண்டும், மழை பெய்த மறுநாள் எந்தப் பாதையில் இறங்கக் கூடாது, எஞ்சின் சத்தம் மாறினால் என்ன கோளாறு என்று உங்களுக்குத் தெரிந்ததை, வீட்டுப்பாடம் எழுதி முடித்த பிள்ளையிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். பள்ளிக்கூடத்துப் பாடமும் வீட்டுப் பாடமும் சேர்ந்தால் அது நல்ல உரம். அந்த உரத்தில் வளர்கிற பயிர் எந்த மண்ணிலும் தலை நிமிரும்.

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் செல்வங்களுக்கும், அடுத்த ஆண்டு வாங்கப் போகும் செல்வங்களுக்கும் நல்வாழ்த்துக்கள். படியுங்கள், கேளுங்கள், செய்து பாருங்கள். வாழ்க தமிழ்ப்பள்ளி, வளர்க உழைக்கும் மக்கள்!